எல்சினோர் மாத்திரை: மா ஹுவாங்கும் காஃபினும் கூட்டுச் சேர்ந்த கதை

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மட்டும் வேற வேற வார்த்தைகள்ல திரும்பத் திரும்ப வந்துட்டே இருந்தது. "கிரீன் டீ, காபிக்கொட்டை, கொடம்புளின்னு நாலஞ்சு செடியோட சாறைச் சேர்த்து ஒரே கேப்ஸ்யூலா விக்கிறாங்க. தனித்தனியா எடுத்தா பெருசா ஒண்ணும் நடக்காது, சேர்த்து எடுத்தாத்தான் கொழுப்பு கரையும்னு சொல்றாங்க. இது நிஜமா, ரீலா?"

நல்ல கேள்வி. ரீல்னு ஒரே வார்த்தையில முடிச்சிருக்கலாம். ஆனா முடியாது. ஏன்னா, தனியா வேலை செய்யாத ரெண்டு தாவரப் பொருட்கள் சேர்ந்து எடையைக் குறைத்தது ஒரு தடவை நிஜமாவே நடந்திருக்கு. ஆராய்ச்சியில நிரூபணமும் ஆகியிருக்கு. டென்மார்க்கில் டாக்டர் சீட்டோட பல வருஷம் கொடுத்திருக்காங்க. அதே ஜோடிக்காகத்தான் அமெரிக்க அரசு தன் வரலாற்றுல முதல் தடவையா ஒரு சப்ளிமென்ட்டைத் தடை செய்தது. இந்த ரெண்டும் ஒரே கதை. இன்னைக்கு அந்தக் கதைதான்.

முதல்ல செடியைப் பார்த்துடலாம். வட சீனா, மங்கோலியா பக்கம் வறண்ட மண்ணில் வளரும் ஒரு புதர். பார்த்தா இலையே இல்லாத மாதிரி இருக்கும். மெல்லிசா, பச்சையா, கணுக்கணுவா தண்டு மட்டும். சீனாவில் அதுக்குப் பேர் மா ஹுவாங். தாவரவியல் பேர் எபிட்ரா. கி.பி. 200 வாக்கில் ஜாங் ஜோங்ஜிங் என்ற மருத்துவர் தொகுத்த நூலில் இதை வைத்து ஒரு கஷாயம் இருக்கு. சளி, குளிர் நடுக்கம், மூச்சிரைப்புக்கான கஷாயம். அதுல மா ஹுவாங் தனியா இல்லை. லவங்கப்பட்டை மரத்தின் சின்னக் கிளைகள், ஆப்ரிகாட் கொட்டை, அதிமதுரம்னு மூணு துணை உண்டு. நம்ம ஊர் கஷாயமும் இப்படித்தானே? ஒரே சரக்கைப் போட்டுக் கொதிக்க வைக்கிற வழக்கம் நமக்கும் இல்லை. ஒண்ணு கவனிங்க. இந்தக் கஷாயம் வியர்க்க வைக்கத்தான், மூச்சைத் திறக்கத்தான். காய்ச்சல் வந்தவருக்குச் சில நாள் கொடுப்பது. உடம்பு இளைக்கறதுக்குன்னு யாரும் மாசக்கணக்கில் குடிக்கலை.

இப்போ 1885-க்கு வருவோம். நாகாய் நாகயோஷி என்ற ஜப்பானிய வேதியியலாளர். பெர்லினில் படித்து, ஒரு ஜெர்மன் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, ஜப்பான் திரும்பியவர். அவர்தான் மா ஹுவாங்கிலிருந்து அதன் வீரியமான பொருளைத் தனியாப் பிரித்து எடுத்தார். அதுதான் எபிட்ரின். அதுக்கு எட்டு வருஷம் கழிச்சு, 1893-ல், அதே எபிட்ரினிலிருந்து இன்னொரு பொருளையும் தயாரித்தார். அதோட பேர் மெத்தாம்பெட்டமைன். ஆமாம், "பிரேக்கிங் பேட்" சீரியலில் சமைப்பாங்களே, அதே சரக்குதான். இதை நான் பயமுறுத்தறதுக்காகச் சொல்லலை. எபிட்ரின் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுன்னு தெரிஞ்சு வைத்துக்கொண்டால் மீதிக் கதை புரியும்.

நாகாயின் கண்டுபிடிப்பு கண் பாப்பாவை விரிய வைக்கும் சொட்டு மருந்து என்ற அளவில் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் தூங்கியது. 1923-ல் அமெரிக்காவில் படிப்பை முடித்துப் பீக்கிங் திரும்பிய கே.கே. சென் என்ற இளம் ஆராய்ச்சியாளர், சீன மருந்துகளில் எதை ஆராயலாம்னு தேடிட்டு இருந்தார். பாரம்பரிய மருத்துவம் தெரிந்த அவரோட மாமா ஒருத்தர் மா ஹுவாங்கைக் கைகாட்டினார். சென்னும் கார்ல் ஷ்மிட் என்ற அமெரிக்கரும் சேர்ந்து அதை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தாங்க. ரத்த அழுத்தம் ஏறியது. அட்ரீனலின் செய்யற வேலையை இதுவும் செய்யுது. ஆனா அட்ரீனலினை ஊசியாத்தான் போடணும், இதை வாய்வழியாவே விழுங்கலாம், விளைவும் நிறைய நேரம் நீடிக்குது. 1924-ல் அவங்க கட்டுரை வந்தது. கொஞ்ச காலத்திலேயே உலகம் முழுக்க ஆஸ்துமாவுக்கு எபிட்ரின் மாத்திரை வந்துவிட்டது. சீனாவிலிருந்து வரும் செடியை நம்பியிருக்க வேண்டாமேன்னு ஒரு மாற்றுப் பொருள் தேடும்போதுதான் கோர்டன் ஆலஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் ஆம்பெட்டமைனிடம் போய்ச் சேர்ந்தார். அதை 1930களின் கடைசியிலேயே உடம்பு இளைக்கக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. அது தனிக் கதை, இன்னொரு எபிசோடுக்கு வைத்துக்கலாம்.

நம்ம கதை 1972-ல் டென்மார்க்கில் சூடு பிடிக்குது.

ஹெல்சிங்கோர்னு ஒரு கடலோர ஊர். இங்கிலீஷில் எல்சினோர்னு சொல்வாங்க. ஷேக்ஸ்பியரோட ஹாம்லெட் நடக்கறதா வரும் கோட்டை அங்கேதான் இருக்கு. அந்த ஊரில் ஒரு சாதாரண ஜெனரல் பிராக்டிஷனர், எரிக்சன்னு பேர். ஆஸ்துமா நோயாளிகளுக்கு ஒரு கலவை மாத்திரை எழுதிக் கொடுத்துட்டு இருந்தார். அதுல மூணு பொருள்: எபிட்ரின், காஃபின், ஃபீனோபார்பிடால். ஃபீனோபார்பிடால் வலிப்புக்குக் கொடுக்கும் மருந்து. இங்கே படபடப்பை அடக்கச் சேர்த்தது. கொஞ்ச நாளில் அவர் ஒண்ணைக் கவனித்தார். மாத்திரை சாப்பிடறவங்க இளைக்கிறாங்க. அவங்க கேட்கவே இல்லை, இவர் சொல்லவும் இல்லை. தானா இளைக்கிறாங்க.

அப்புறம் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். ஊரில் பேச்சு பரவியது. இன்ஸ்டாகிராம் இல்லாத காலம்தான், ஆனா வாய்க்கு எப்பவும் பஞ்சம் இல்லையே. எல்சினோர் மாத்திரைன்னே பேர் வந்தது. 1977-க்குள்ள 70,000-க்கும் மேற்பட்டவங்க அதை எடுத்துட்டு இருந்தாங்க. ஆஸ்துமாவுக்கு இல்லை, எடைக்கு. பலருக்குத் தோலில் மோசமான தடிப்புகள் வர ஆரம்பித்தன. டேனிஷ் அதிகாரிகள் எச்சரிக்கை விட்டாங்க. விசாரித்துப் பார்த்தப்போ கை காட்டப்பட்டது ஃபீனோபார்பிடால். அதை வெளியே எடுத்தாங்க. மிச்சம் இருந்தது ரெண்டு: சீனப் புதரிலிருந்து அறிமுகமான எபிட்ரின், காபியிலும் டீயிலும் இருக்கிற காஃபின்.

இந்த ஜோடியை முறையா டெஸ்ட் செய்து 1981-ல் முடிவு வந்தது. 132 பேர், 12 வாரம். அப்போ சந்தையில் இருந்த ஒரு பசியடக்கி மருந்து, எல்சினோர் மாத்திரை, வெறும் மாவு மாத்திரைன்னு மூணு குழு. மாவு மாத்திரைக் குழு சுமார் 4 கிலோ குறைந்தது. மற்ற ரெண்டு குழுவும் சுமார் 8 கிலோ. அதாவது, ஊர் வதந்தி உண்மைதான்.

ஆனா இதுக்குள்ள இன்னொரு கேள்வி ஒளிஞ்சிருக்கு. வேலை செய்தது எபிட்ரினா, காஃபினா, இல்லை ரெண்டும் சேர்ந்ததா? உங்க கேள்வியும் அதுதானே. இதுக்குத் தெளிவான பதில் 1992-ல் கோபன்ஹேகனில் ஆர்னே ஆஸ்ட்ரப் குழுவிடமிருந்து வந்தது. உடல் பருமன் உள்ள 180 பேர், எல்லாருக்கும் ஒரே மாதிரி டயட், 24 வாரம். நாலு குழு. ஒரு குழுவுக்கு எபிட்ரின் மட்டும், ஒரு குழுவுக்குக் காஃபின் மட்டும், ஒரு குழுவுக்கு ரெண்டும், ஒரு குழுவுக்கு மாவு மாத்திரை. ஒரு வேளைக்கு எபிட்ரின் 20 மில்லிகிராம், காஃபின் 200 மில்லிகிராம், நாளைக்கு மூணு வேளை. எபிட்ரின் மட்டும் எடுத்தவங்களுக்கும் மாவு மாத்திரைக்கும் சொல்லும்படியா வித்தியாசம் இல்லை. காஃபின் மட்டும் எடுத்தவங்களுக்கும் அதே கதை. ரெண்டும் எடுத்தவங்க சராசரியா 16.6 கிலோ குறைச்சாங்க. மாவு மாத்திரைக் குழு 13.2 கிலோ. வித்தியாசம் 3.4 கிலோ. கணக்குப் புத்தகத்துல பூஜ்யமும் பூஜ்யமும் சேர்ந்தா பூஜ்யம். இங்கே அப்படி இல்லை.

கூடவே இன்னொண்ணையும் பார்த்துடுங்க. மாவு மாத்திரையோட டயட் மட்டும் இருந்தவங்களே 13 கிலோ இளைச்சிருக்காங்க. 16.6-ல் பெரும் பங்கு சாப்பாட்டுக் கட்டுப்பாட்டோடது. விளம்பரத்துல இந்த வரி வராது.

சரி, ஏன் சேர்ந்தா மட்டும் வேலை செய்யுது? 1980களில் லண்டனில் துல்லூ, மில்லர்னு ரெண்டு பேர் இதில் நிறைய வேலை செய்தாங்க. எளிமையா இப்படி வைத்துக்கலாம். எபிட்ரின் நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரீனலினை வெளியே தள்ளுது. நாய் துரத்தும்போது உடம்பில் ஊறுமே, அந்த ரகம். அது கொழுப்பு செல்லில் போய் "சேமிப்பை எடு, எரி"ன்னு ஆர்டர் போடும், பசியையும் அடக்கும். ஆனா உடம்பு முட்டாள் இல்லை. ஆக்ஸிலேட்டர் அழுந்தினவுடனே பிரேக்கும் போடும். அடினோசின் என்ற பொருள் "போதும் நிறுத்து"ன்னு நரம்பு முனைக்குச் சொல்லும். செல்லுக்குள்ள இருக்கிற ஒரு நொதி, போன ஆர்டரையே அழிச்சுடும். அதனாலதான் எபிட்ரின் தனியா எடுத்தா பெரிய பலன் இல்லை. காஃபின் என்ன செய்யுதுன்னா, அடினோசின் உட்கார வேண்டிய சீட்டில் போய் உட்கார்ந்துக்குது. அளவு கூடினா அந்த நொதியையும் தடுக்கும். ஒருத்தர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார், இன்னொருத்தர் பிரேக் வயரை அறுக்கிறார். இதுதான் அந்த அற்புதக் கூட்டு.

ஜிம் வட்டாரத்தில் இதோட ஆஸ்பிரினையும் சேர்த்து ஒரு காலத்தில் விழுங்கினாங்க. ஆஸ்பிரின் இன்னொரு பிரேக்கை அறுக்கும் என்ற கணக்கு.

பிரச்சினை இங்கேதான் இருக்கு. அறுந்த பிரேக் கொழுப்பு செல்லுக்கு மட்டும் அறுந்ததில்லை. இதயத்திலும் அதே நார்அட்ரீனலின், ரத்தக் குழாயிலும் அதேதான். எது எடையைக் குறைக்குதோ அதுவேதான் துடிப்பை ஏற்றுது, அழுத்தத்தை ஏற்றுது. "நல்ல விளைவு மட்டும் கூட்டுச் சேரும், கெட்ட விளைவு சேராது"ன்னு ஒரு செடியும் வாக்குக் கொடுக்கலை.

டென்மார்க் இதைத் தெரிஞ்சுதான் கையாண்டது. 1990-லிருந்து லெட்டிஜென் என்ற பேரில் இந்த ஜோடி டாக்டர் சீட்டோட விற்பனைக்கு வந்தது. அளவு அச்சிட்டிருக்கும். இதய நோயாளிக்கு எழுதித் தரமாட்டாங்க. அமெரிக்காவில் இதே ஜோடி வேற வாசல் வழியா நுழைந்தது.

1994-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சப்ளிமென்ட்டுகளுக்குன்னு தனிச் சட்டம் போட்டது. அதன்படி மூலிகைச் சாறு மருந்து இல்லை, உணவு வகையறா. விக்கறதுக்கு முன்னாடி பாதுகாப்பானதுன்னு கம்பெனி நிரூபிக்க வேண்டியதில்லை. ஆபத்துன்னு எஃப்டிஏதான், அதாவது அவங்களோட உணவு மருந்து நிர்வாகம்தான், பின்னால நிரூபிக்கணும். இப்போ யோசிங்க. ஃபேக்டரியில் தயாரித்த எபிட்ரின் மருந்து. மா ஹுவாங் சாறுன்னு எழுதினா, உள்ளே அதே எபிட்ரின்தான், ஆனா அது சப்ளிமென்ட். காஃபின்னு எழுதக் கூட வேண்டாம். அமேசான் காட்டுக் கொட்டையான குவாரனான்னு எழுதலாம். குவாரனாவிலும் இருப்பது காஃபின்தான். எல்சினோர் மாத்திரை இப்படித்தான் "இயற்கை" ஆச்சு.

மெட்டபோலைஃப் 356 என்ற பிராண்ட் இதில் பெரிய ஆள். மா ஹுவாங்கும் குவாரனாவும் சேர்ந்த மாத்திரை. சூப்பர் மார்க்கெட், பெட்ரோல் பங்க், எங்கேயும் கிடைத்தது. தங்களுக்கு ஆபத்தான புகார் எதுவும் வரலைன்னு அந்தக் கம்பெனி எஃப்டிஏவிடம் சொல்லியிருந்தது. 2002-ல், விசாரணை இறுகினப்போ, 13,000-க்கும் மேற்பட்ட புகார்ப் பதிவுகளை எடுத்துக் கொடுத்தது. கம்பெனியை ஆரம்பித்தவர் எஃப்டிஏவிடம் பொய் சொன்னதைப் பின்னால கோர்ட்டில் ஒத்துக்கொண்டார்.

நடுவில் எஃப்டிஏ சும்மா இல்லை. 1997-லேயே ஒரு வேளைக்கு 8 மில்லிகிராமுக்குக் குறைவு, ஒரு நாளைக்கு 24-க்குக் குறைவு, ஏழு நாளுக்கு மேல் எடுக்காதேன்னு விதி கொண்டுவரப் பார்த்தது. ஆதாரம் போதாதுன்னு எதிர்ப்பு வந்து, 2000-ல் அதன் பெரும்பகுதியை வாபஸ் வாங்க வேண்டியதாச்சு. அதே 2000-ல் ஹாலர், பெனோவிட்ஸ்னு ரெண்டு பேர் எஃப்டிஏவுக்கு வந்த 140 புகார்களை ஒவ்வொண்ணா அலசினாங்க. 31 சதவீதத்தில் காரணம் உறுதியா அல்லது பெரும்பாலும் எபிட்ராதான். இன்னொரு 31 சதவீதத்தில் இருக்கலாம். அவற்றில் 10 மரணம், 13 நிரந்தரப் பாதிப்பு. அதே வருஷம் இன்னொரு குழு கடையில் கிடைத்த 20 பிராண்டுகளை வாங்கி உள்ளே என்ன இருக்குன்னு அளந்தது. பாதி பிராண்டுகளில் லேபிளில் எழுதினதுக்கும் உள்ளே இருந்ததுக்கும் 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். ஒண்ணுல எபிட்ரினே இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையில் ரொம்பப் பயமான விஷயம் இதுதான். மில்லிகிராம் கணக்கில் ஆடற விளையாட்டில் அளவுகோலையே தூக்கிப் போட்டுட்டாங்க.

2003 பிப்ரவரி. பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணியில் ஸ்டீவ் பெக்லர்னு ஒரு பந்து வீச்சாளர். வயசு 23. ஃபுளோரிடாவில் சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாம். எடை கூடியிருந்தது, சீக்கிரம் குறைக்கணும். சரியாச் சாப்பிடலை. எபிட்ரா மாத்திரை எடுத்திருந்தார். அன்னைக்கு வெக்கை. ஓடும்போது சுருண்டு விழுந்தார். உடம்புச் சூடு 108 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போனது. மறுநாள், 17-ம் தேதி, இறந்துவிட்டார். அவருக்கு ரத்த அழுத்தப் பிரச்சினையும் கல்லீரல் கோளாறும் இருந்ததாப் பரிசோதித்த டாக்டர் சொன்னார். எபிட்ரா அதுல முக்கியப் பங்கு வகித்தது என்றும் சொன்னார். மேலே சொன்ன கூட்டை நினைச்சுப் பாருங்க. உடம்பை உள்ளிருந்து சூடாக்குது, தோலுக்குப் போற ரத்தக் குழாயையும் சுருக்குது. சூடு வெளியேற வழி இல்லை. குளிர்ந்த டென்மார்க்கில் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்து எடுப்பதும், ஃபுளோரிடா வெயிலில் ஓடிக்கிட்டே எடுப்பதும் ஒண்ணு இல்லை.

அதே வருஷம் வந்த ராண்ட் நிறுவனத்தின் பெரிய ஆய்வு எல்லா சோதனைகளையும் கூட்டிப் பார்த்தது. கிடைக்கிற பலன்: மாசத்துக்குச் சுமார் 0.9 கிலோ கூடுதல் இழப்பு, அதுவும் குறுகிய காலத்துக்கு. விலை: படபடப்பு, மனநிலைக் கோளாறு, வயிற்று உபாதை எல்லாம் வரும் வாய்ப்பு 2.2-லிருந்து 3.6 மடங்கு. 2004 பிப்ரவரியில் தடை அறிவிப்பு, ஏப்ரல் 12-லிருந்து அமல். சட்டம் வந்து பத்து வருஷம் ஆச்சு. யூட்டாவில் ஒரு கம்பெனி கோர்ட்டுக்குப் போய் 2005-ல் ஜெயிச்சது. அடுத்த வருஷம் மேல் கோர்ட் அதைத் தூக்கிப் போட்டுத் தடையை உறுதி செய்தது.

டென்மார்க்கும் 2002-லேயே லெட்டிஜெனை நிறுத்திவிட்டது. ஆனா அங்கே ஒரு பின்கதை இருக்கு. டேனிஷ் ஆட்கள் எல்லாத்தையும் பதிவு செய்து வைப்பாங்க. லெட்டிஜென் வாங்கின 2,57,364 பேரின் பதிவுகளை எடுத்து, 2008-ல் ஒரு ஆய்வு வந்தது. அந்த நாட்டு ஜனத்தொகையே 50 லட்சத்துச் சொச்சம்தான். இருபதில் ஒருத்தர்னு வைத்துக்கோங்க. மாரடைப்பு, பக்கவாதம் பெருசா கூடினதா அதுல தெரியலை. இதைக் கேட்டதும் சிலர் "பார்த்தீங்களா, அமெரிக்கா தேவையில்லாம தடை பண்ணிருச்சு"ன்னு சொல்வாங்க. நான் அப்படிப் பார்க்கலை. டென்மார்க்கில் டாக்டர் ஆள் பார்த்துக் கொடுத்தார், மாத்திரையில் 20-ன்னா 20 இருந்தது. அமெரிக்காவில் ரெண்டும் இல்லை. அந்த நிலைமையில் தடை சரியான முடிவுதான். தாமதமான முடிவு என்பதுதான் என் வருத்தம்.

எபிட்ரா போனதும் அந்த இடத்துக்கு யார் வந்தாங்கன்னு பார்த்தா, உங்க கேள்வியில் இருந்த ஆட்களே வர்றாங்க. கிரீன் டீயில் ஒரு நிஜக் கூட்டு உண்டு: 1999-ல் ஜெனீவாவில், நம்ம லண்டன் துல்லூவே, பத்து ஆண்களை வைத்து அளந்தார். கிரீன் டீச் சாறு ஒரு நாள் சக்திச் செலவை 4 சதவீதம் ஏற்றியது. அதில் இருந்த அளவு காஃபினை மட்டும் கொடுத்தப்போ ஒண்ணும் நடக்கலை. ஆனா பின்னால வந்த சோதனைகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தா, எடையில் தெரியும் வித்தியாசம் ரொம்பக் கம்மி.

கொடம்புளி நமக்குப் பக்கத்து வீட்டு ஆள். கேரளா மீன் குழம்பில் போடுவாங்களே, அதுதான். அதோட புளிப்புக்குக் காரணம் ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம்னு 1960களில் லூயிஸ், நீலகண்டன் என்ற ரெண்டு இந்திய ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சாங்க. உடம்பில் கொழுப்பு உருவாகும் ஒரு படியை அது தடுக்குதுன்னு சோதனைக்குழாயில் தெரிந்தது. மனுஷங்க கிட்ட 1998-ல் டெஸ்ட் செய்தாங்க: 135 பேர், 12 வாரம். கொடம்புளிச் சாறு எடுத்தவங்க 3.2 கிலோ குறைச்சாங்க. மாவு மாத்திரை எடுத்தவங்க 4.1 கிலோ.

அந்த முடிவு வெளியானதுக்கு அப்புறமும் கொடம்புளிச் சாறு விற்பனை நிற்கலை. ஹைட்ராக்ஸிகட் என்ற பிராண்ட் முன்னாடி எபிட்ரா போட்டு வித்தது. தடைக்கு அப்புறம் கொடம்புளி அமிலம், கிரீன் டீ, இன்னும் பல சரக்கு சேர்ந்த கலவையா மாறியது. 2009 மே மாசம், கல்லீரல் பாதிப்பு பற்றி 23 புகார்கள், அதில் ஒரு மரணம்னு சொல்லி, அதை எடுக்காதீங்கன்னு எஃப்டிஏ மக்களை எச்சரித்தது. கம்பெனி சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டது. எல்சினோர் மாத்திரையில் மூணே பொருள் இருந்தது. தடிப்புக்குக் காரணம் எதுன்னு கண்டுபிடிச்சு வெளியே எடுக்க முடிந்தது. இங்கே எந்தப் பொருள் கல்லீரலைக் கெடுத்தது, இல்லை எதெது சேர்ந்து கெடுத்ததுன்னு எஃப்டிஏவால் அப்போ சொல்ல முடியலை. அந்தப் பேரில் இன்னைக்கும் டப்பா கிடைக்குது, உள்ளே இருக்கிற சரக்கு மட்டும் வேற.